ஹூகோ டிஸ்ட்லர்: நெருக்கத்தின் நடுவே எழுந்த திருச்சபை இசை

நமது இறையியல் கல்லூரிகளில் இருபதாம் நூற்றாண்டு ஜெர்மானியத் திருச்சபையின் போராட்டத்தைப் பற்றிப் பயிலாத மாணவர் இலர். பார்மென் அறிக்கை, கார்ல் பார்த், டீட்ரிக் போன்ஹோபர் என்னும் பெயர்கள் தேர்வுத் தாள்களிலும் அருளுரைகளிலும் தவறாது இடம்பெறுகின்றன. எனினும், அந்த ஆண்டுகளில் அத்திருச்சபை ஞாயிறுதோறும் எதைப் பாடிற்று, அதற்கு இசையமைத்தோர் யாவர், அவர்கள் எந்நிலையில் வாழ்ந்தனர் என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அறிக்கைகளை ஆராய்கின்றோம், பாட்டை மறந்துவிடுகின்றோம். திருச்சபை தன் விசுவாசத்தை எழுத்தில் அறிக்கையிடுவதினும் மிகுதியாகப் பாட்டிலேயே அறிக்கையிடுகிறது என்பதை அறிந்த ஆயர்களுக்கு இம்மறதி ஒரு குறையே ஆகும். அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் நோக்குடன் ஹூகோ டிஸ்ட்லர் என்னும் இசையாசிரியரைப் பற்றி இங்கு எழுதத் துணிகின்றோம்.

நாம் இறையியல் மாணவராய் இருந்த காலத்தில், ஓர் ஒலிநாடாவின் வாயிலாக இவரது இசையை முதன்முறையாகக் கேட்டோம். அது இவர் இயற்றிய கிறிஸ்து பிறப்பின் வரலாறு. நாடாவின் உறையில் ஆக்கியோனைப் பற்றிப் பெயரும் இரண்டு ஆண்டுகளுமே காணப்பட்டன: 1908, 1942. அன்று நம்மை ஈர்த்தது அவ்விசையின் தெளிவு. கருவிகள் ஏதுமின்றி மனிதக் குரல் மட்டுமே திருமறையின் சொற்களை எடுத்துரைத்த விதம் நெஞ்சில் பதிந்தது. பின்னர் நெடுங்காலம் அப்பெயர் நம் செவிக்கு எட்டவில்லை. அண்மையில் இவருடைய ஆக்கங்கள் பலவற்றை ஒருசேரக் கேட்கவும், இவருடைய வாழ்க்கையைக் குறித்துப் படிக்கவும் வாய்த்தபோது, அவ்விரண்டு ஆண்டுகளுக்கு இடையே அடங்கியிருந்தவை எத்தகையன என்பது விளங்கிற்று. 34 வயதில் முடிந்த அவ்வாழ்வும் அவ்விசையும் ஆயர்ப்பணிக்கு ஆயத்தமாவோர் எதிர்கொள்ள வேண்டிய சில வினாக்களை எழுப்புகின்றன.

1. வாழ்வும் காலமும்

டிஸ்ட்லர் 1908ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் நியூரெம்பர்க் நகரில் மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்தார். அவர் சிறுபிள்ளையாய் இருக்கும்போதே தாயார் அமெரிக்கா சென்றுவிட, தாத்தா பாட்டியின் ஆதரவில் வளர்ந்தார். 1927இல் லைப்சிக் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். ஹெர்மன் கிராப்னர் இசையமைப்பையும், புனித தோமா ஆலயத்தின் ஆர்கன் கலைஞரான கியூந்தர் ராமின் ஆர்கன் வாசிப்பையும் அவருக்குக் கற்பித்தனர். பாஹ் பணியாற்றிய ஆலயம் அது என்பதை வாசகர் அறிவர். பொருள் நெருக்கடியினால் படிப்பைத் தொடர இயலாத நிலையில், 1931இன் தொடக்கத்தில் வடஜெர்மனியின் லூபெக் நகரிலுள்ள புனித யாக்கோபு ஆலயத்தில் ஆர்கன் கலைஞராக அமர்ந்தார்.

லூபெக்கில் அவர் பணியாற்றிய ஆறு ஆண்டுகளே அவரது ஆக்கத்திறன் செழித்த காலம். அவ்வாலயத்தில் பெரிய ஆர்கனுடன், 1637இல் ஸ்டெல்வாகன் என்னும் கைவினைஞர் விரிவாக்கிய சிறிய ஆர்கன் ஒன்றும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரொலியை விரும்பிய செவிகளுக்கு அது பழங்காலப் பொருளாய்த் தோன்றியிருக்கக்கூடும். டிஸ்ட்லருக்கோ அதன் தெளிந்த, ஒன்றோடொன்று கலவாத குரல்கள் ஆசானாய் அமைந்தன. பாடற்குழுவை நடத்திய புரூனோ கிரூஸ்நிக் அவருக்கு உற்ற நண்பராய் வாய்த்தார். எழுதிய மை உலருமுன் அதைப் பாடிப் பார்க்க ஒரு குழு காத்திருந்தது எனலாம்.

1937இல் ஸ்டுட்கார்ட் இசைக்கல்லூரிக்கும், 1940இல் பெர்லின் இசைக்கல்லூரிக்கும் ஆசிரியராகச் சென்றார். 1942இல் பெர்லின் பேராலயப் பாடற்குழுவின் தலைமையை ஏற்றார். பதவி உயர உயர மனநெருக்கமும் கூடிற்று. படைச்சேவைக்கு அழைக்கப்படுவோம் என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. பாடற்குழுச் சிறுவரை ஹிட்லர் இளைஞர் அணி தன் அலுவல்களுக்கு இழுத்துக்கொண்டது. 1942ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில், மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

2. சொல்லுக்குப் பணிபுரியும் இசை

டிஸ்ட்லரின் இசையைப் புரிந்துகொள்ள, அவர் தமக்கு முன்னோடியாகக் கொண்ட ஹைன்ரிக் ஷூட்ஸ் என்பாரை நினைவுகூர்தல் வேண்டும். 1585 முதல் 1672 வரை வாழ்ந்த ஷூட்ஸ், முப்பதாண்டுப் போரினால் தம் நாடு பாழ்பட்ட காலத்தில் திருமறைச் சொற்களுக்கு இசையமைத்தவர். பாடகர் குறைந்து, கருவிகள் அழிந்து, நிதியும் வற்றிப்போன நாட்களில், கைவசம் இருந்த சில குரல்களைக் கொண்டே எழுதினார். போர் முடிந்த 1648இல் வெளிவந்த அவரது தொகுதியின் பெயர் 'திருச்சபைப் பாடற்குழு இசை' எனப் பொருள்படும். அதே பெயரையே டிஸ்ட்லர் 1934இல் தாம் தொடங்கிய தொகுதிக்கு இட்டார். திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒன்றாக 52 மோட்டெட்டுகளை எழுதுவது அவரது திட்டம். ஒன்பது மட்டுமே நிறைவெய்தின.

இவ்விசையின் இயல்பை இசைக்கல்வி இல்லாதோருக்கும் விளங்குமாறு மூன்று கூறுகளாகச் சொல்லலாம். முதலாவது, சொல்லின் இயல்பான அழுத்தமே தாளத்தை நிர்ணயிக்கிறது. நான்கு குரல்கள் பாடும்போது நான்கும் ஒரே தாளக் கட்டுக்குள் அடங்குவதில்லை. ஒவ்வொரு குரலும் தான் ஏந்தியுள்ள சொல்லின் நடையிலேயே செல்கிறது. தாளில் பார்க்கும்போது சிக்கலாகத் தோன்றும் இது, செவியில் நால்வர் ஒரே செய்தியைத் தத்தம் வாயால் உரைப்பதைப் போன்றே ஒலிக்கிறது. இரண்டாவது, உணர்ச்சிப் பெருக்கு அறவே விலக்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருச்சபை இசையின் குழைவும் கனிவும் இங்கில்லை. ஐந்து சுரங்களுக்குள் அடங்கும் எளிய மெட்டுகளும், இடைவெளி நிறைந்த இணைவொலிகளும் ஒரு கடுமையைத் தருகின்றன. மூன்றாவது, சபையார் அறிந்த பழைய ஞானப்பாட்டுகள் இவருடைய ஆக்கங்களுக்கு முதுகெலும்பாய் அமைகின்றன. தெரிந்த பாட்டைப் புதிய சூழலில் வைத்து, அதன் பொருளை மீண்டும் கேட்கச் செய்வது அவருடைய முறை.

இம்மூன்றாம் கூறு நமக்கு அயலானதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும், அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் முதலானோரும் ஜெர்மானியத் திருச்சபையின் பாட்டுகளைத் தமிழாக்கி நமக்கு அளித்தனர். நமது லுத்தரன் சபைகளில் 'ஞானப்பாட்டு' என வழங்குபவை அவ்வூற்றிலிருந்து வந்தவையே. டிஸ்ட்லர் கையாண்ட பாடல் மரபும் அதுவே. எனவே, கீர்த்தனையில் ஊறிய செவிக்கு இவ்விசை முதலில் வறட்சியாகத் தோன்றினும், ஞானப்பாட்டைப் பாடி வளர்ந்தவருக்கு அது முற்றிலும் அந்நியமாய் இராது.

3. கிறிஸ்து பிறப்பும் கிறிஸ்துவின் பாடுகளும்

1933இல் எழுதப்பட்ட கிறிஸ்து பிறப்பின் வரலாறு, இருளில் நடக்கும் மக்களைப் பற்றிய ஏசாயாவின் தீர்க்கதரிசனத்துடன் தொடங்குகிறது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டில் ஒரு பாடற்குழு அச்சொற்களைப் பாடிற்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நற்செய்தியாளர் தனிக்குரலில் வரலாற்றைக் கூறுகிறார். ஈசாயின் அடிமரத்திலிருந்து மலர்ந்த மலரைப் பாடும் பதினாறாம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்று, ஏழு முறை ஏழு வடிவங்களில் இடையிடையே வருகிறது. ஒவ்வொரு முறையும் மெட்டு ஒன்றே. ஆயினும் அதைச் சூழும் குரல்களின் நெசவு மாறுகிறது. மரியாளின் பாட்டு வரும் இடத்தில், அவருடைய தனிக்குரலும் சபையாரின் பாட்டும் ஒன்றோடொன்று பின்னப்படுகின்றன. வலியோரை ஆசனங்களிலிருந்து இறக்கும் கடவுளைப் போற்றும் பெண்ணின் குரலைத் திருச்சபை தன் பாட்டாலேயே தாங்கி நிற்கிறது. விளக்கவுரை பல எழுதியும் எட்டாத ஒரு திருச்சபையியல் இங்கே இசையாகிறது.

இதற்கு முன்னரே, 1932இல் எழுதி, 1933ஆம் ஆண்டின் லெந்து காலத்தில் அரங்கேறியது கிறிஸ்துவின் பாடுகளின் வரலாறு. ஐந்து குரல்களுக்கு, துணைக்கருவியின்றி அமைந்த இவ்வாக்கத்தில் நம்மைத் திடுக்கிடச் செய்வது மக்கள் கூட்டத்தின் குரல். சிலுவையில் அறையும்படி கூவுகின்ற கூட்டம் ஒரே சொல்லை, ஒரே சந்தத்தில், இயந்திரம்போல் மீண்டும் மீண்டும் எறிகிறது. தனி மனிதரின் முகம் அங்கே கரைந்துபோகிறது. 1933இன் ஜெர்மானியத் தெருக்களில் முழங்கிய கோஷங்களை எண்ணாமல் இன்று அதைக் கேட்க இயலாது. பாடுகளின் வரலாற்றில் வரும் கூட்டத்தை யூதர் என ஒதுக்கிவைத்து, அவர்கள்மீது பழி சுமத்திய கொடும் மரபு திருச்சபைக்கு உண்டு. அதன் விளைவை அந்நூற்றாண்டு கண்டது. டிஸ்ட்லரின் ஆக்கத்தில் கூட்டமாய் நின்று கூவும் குரல்களே அடுத்த கணத்தில் சபையாராய் நின்று ஞானப்பாட்டைப் பாடுகின்றன. ஆகவே கூவியோர் வேறு, பாடுவோர் வேறு எனப் பிரித்துக்கொண்டு நாம் தப்ப முடிவதில்லை. பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆயர்கள் இதை மனத்திற்கொள்வது நலம்.

4. மரண நடனம்

டிஸ்ட்லரின் ஆக்கங்களுள் ஒன்றையே தேர்ந்துகொள்ளச் சொன்னால், நாம் 1934இல் பிறந்த 'மரண நடன'த்தைத் தேர்வோம். லூபெக் நகரின் புனித மரியாள் ஆலயத்தில் ஒரு நீண்ட ஓவியம் இருந்தது. 1463இல் பெர்ன்ட் நோட்கெ வரைந்ததும், 1701இல் படியெடுத்துப் புதுப்பிக்கப்பட்டதுமான அவ்வோவியத்தில், மரணம் போப்பு முதல் குழந்தை ஈறாக அனைவரையும் கைப்பிடித்து ஆடுகிறது. அதையொட்டி யோகான்னஸ் குளோக்கிங் எழுதிய உரையாடல்களை டிஸ்ட்லர் பயன்படுத்தினார். பேரரசர், ஆயர், பிரபு, மருத்துவர், வணிகர், படைவீரர், மாலுமி, துறவி, உழவர், கன்னி, முதியவர், குழந்தை ஆகிய பன்னிருவரும் ஒருவர்பின் ஒருவராக மரணத்தின் முன் நிற்கின்றனர். இவ்வுரையாடல்கள் பேசப்படுபவை, பாடப்படுபவை அல்ல. அவற்றினிடையே பாடற்குழு, பதினேழாம் நூற்றாண்டுச் சமயக் கவிஞர் ஆங்கெலுஸ் சிலேசியுஸ் இயற்றிய 14 சிறு முதுமொழிகளைப் பாடுகிறது. லெயோன்ஹார்ட் லெக்னர் 1606இல் வாழ்வும் சாவும் பற்றி அமைத்த இசையே இதற்குத் தூண்டுகோல்.

ஒவ்வொரு பாட்டும் மிகச் சிறியது. சில ஒரு நிமிடத்தையும் எட்டா. மரணம் அழைக்கிறது; அழைக்கப்பட்டவர் தம் பதவியையோ பணியையோ காட்டித் தவணை கேட்கிறார்; தவணை கிடைப்பதில்லை; பாடற்குழு ஒரு சொல்லை நம் முன் வைத்துவிட்டு மௌனமாகிறது. விளக்கமோ ஆறுதலுரையோ தொடர்வதில்லை. அடுத்தவர் அழைக்கப்படுகிறார். இந்த வரிசையில் ஆயர் இரண்டாம் இடத்தில் நிற்கிறார் என்பதை இவ்விதழின் வாசகர் கவனியாதிருக்க இயலாது. பேரரசருக்கு அடுத்து, அவருக்கு மிக அருகில், ஆயர் நிற்கிறார். ஆட்சியாளனுக்கு எவ்வளவு அருகில் நின்றாய் என்னும் வினாவை அவ்வரிசையே கேட்பதாக நமக்குத் தோன்றுகிறது. 1934 என்னும் ஆண்டு அதற்கு மேலும் கூர்மை அளிக்கிறது. அவ்வாண்டின் மே மாதத்தில்தான் பார்மெனில் சிலர் கூடி, திருச்சபை செவிகொடுக்க வேண்டிய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என அறிக்கையிட்டனர்.

இசையின் அளவடக்கம் இங்கு உச்சத்தை அடைகிறது. மரணத்தைப் பாடும் இசையாசிரியர் பலர் நம்மை அழவைக்க முயல்வர். டிஸ்ட்லர் அவ்வாறு செய்யாமல், கேட்போர் தம் கணக்கைத் தாமே பார்க்கும்படி இடைவெளி விடுகிறார். இறுதியில் குழந்தை வருகிறது. பதவியும் பொருளும் புகழும் இல்லாத அதற்குச் சாக்குச் சொல்லவும் தெரியாது. அடக்க ஆராதனைகளில் நீண்ட புகழுரைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு, இவ்வளவு குறைவாகப் பேசும் ஓர் ஆராதனைக் கலை பாடம் புகட்டவல்லது.

5. கட்சி உறுப்பினர் என்னும் உண்மை

இதுவரை கூறியவற்றோடு நிறுத்தினால், இக்கட்டுரை ஒரு புகழ்மாலையாய் முடியும். ஆனால் மறைக்கலாகாத ஓர் உண்மை உண்டு. டிஸ்ட்லர் 1933ஆம் ஆண்டு மே முதல் நாள் நாசிக் கட்சியில் உறுப்பினரானார். அதன்பின் ஆட்சியின் கீழிருந்த கல்விக்கூடங்களில் பதவிகளைப் பெற்றார். 1939இல் கிராட்ஸ் நகரில் நடந்த ஜெர்மானியப் பாடற்குழு இசை விழாவில், கவிஞரும் போதகருமான எட்வர்ட் மோரிக்கேயின் பாடல்களுக்கு அவர் அமைத்த இசை பெரும் வெற்றி கண்டது. மறுபுறம், ஹார்ப்சிகார்டுக்கு அவர் எழுதிய இசைக்கோவை நாசிச் சார்பினரின் கண்டனத்துக்கு உள்ளானது. லூபெக்கில் அவருடைய ஆலயப் போதகர் ஆக்செல் வெர்னர் கூல் அறிக்கையிடும் திருச்சபையைச் சார்ந்தவர். அந்நகரின் திருச்சபை ஆளுகை அத்தகைய போதகரை 1936இன் இறுதியில் பதவி நீக்கி வீட்டுக் காவலில் வைத்தது. அடுத்த ஆண்டில் டிஸ்ட்லர் லூபெக்கை விட்டு அகன்றார்.

போருக்குப் பின் சிலர் அவரைக் கொடுங்கோன்மைக்குப் பலியான தியாகியாகச் சித்திரித்தனர். பின்னர் வந்த ஆய்வாளர், ஆட்சியோடு அவர் கொண்டிருந்த தொடர்புகளை எடுத்துக்காட்டி அச்சித்திரத்தைத் திருத்தினர். நம் கருத்தில், தியாகி என்பதும் கட்சிக்காரர் என்பதும் தனித்தனியே அவரை அளக்கப் போதாதவை. கொடுமையை எதிர்க்கத் துணியாமலும், அதனோடு முழுதும் ஒன்றிவிட இயலாமலும், இரண்டிற்கும் நடுவே தம் பணியைக் காத்துக்கொள்ள முயன்ற ஒரு மனிதரை இங்குக் காண்கிறோம். அத்தகையோர் எக்காலத்திலும் திருச்சபையில் பெரும்பான்மையோர்.

அதே நகரின் வேறொரு வாழ்வை இதனோடு ஒப்பிடுவது தகும். கார்ல் பிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்க் என்பார் 1934 முதல் லூபெக்கில் லுத்தரன் போதகர். இவரும் 1933இல் நாசிக் கட்சியில் சேர்ந்தவரே. பின்னர் அவர் கண் திறந்தது; கட்சி அவரை விலக்கிற்று. 1942ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் இரவில் குண்டுவீச்சினால் நகரம் எரிந்தது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. அவ்வழிவில் கடவுளின் வல்ல குரல் ஒலித்ததாக அவர் பிரசங்கித்தார். ஏப்ரலில் கைதாகி, 1943 நவம்பர் 10இல், கத்தோலிக்கக் குருமார் மூவருடன் தலை வெட்டப்பட்டு மாண்டார். அவருடைய சொந்தத் திருச்சபை அவருக்குரிய மதிப்பை 1993இல்தான் மீட்டளித்தது. ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே கட்சியில் சேர்ந்த இருவரின் வழிகள் இவ்வாறு பிரிந்தன. தவறான வழியிலிருந்து திரும்புவது அக்காலத்திலும் இயலாததாய் இருக்கவில்லை. அதன் விலை உயிராய் இருந்தது.

குரல்களின் தூய்மையைத் தேடிய திருச்சபை இசை மறுமலர்ச்சி, குரலற்றோருக்காகப் பேசிற்றா என்னும் வினாவையும் இங்கே எழுப்பியாக வேண்டும். யூதருக்காகக் குரல் எழுப்புகிறவருக்கே திருச்சபையின் பழம்பண்களைப் பாட உரிமை உண்டு என்னும் கருத்தைப் போன்ஹோபர் கூறியதாக அவருடைய நண்பர் எபர்ஹார்ட் பெத்கே எழுதியுள்ளார். இவ்வளவுகோலால் அளந்தால் டிஸ்ட்லரின் இசை மட்டுமல்ல, அன்றைய ஆராதனை பெரும்பாலும் குறையுள்ளதாகவே காணப்படும். பார்மென் அறிக்கையும் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அதன் முதன்மை ஆசிரியரான பார்த் பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். ஆகவே இசையாசிரியரை மட்டும் கூண்டில் நிறுத்தி, இறையியலாளர் விலகிக்கொள்வது நேர்மையாகாது.

அப்படியாயின் இவ்விசையை நாம் கேட்கலாமா? கேட்க வேண்டும் என்பதே நம் துணிபு. அதன் அழகு ஆக்கியோனின் பிழையைப் போக்கிவிடும் என்பதனால் இதைக் கூறவில்லை. சொல்லுக்குப் பணிபுரியும்படி அவர் இசையை அமைத்ததனால், அச்சொல் அவரையும் விட்டுவைக்கவில்லை. 'மரண நடனம்' அதை எழுதியவரிடமும் கணக்குக் கேட்கிறது. பிரசங்கிகளாகிய நாம் இதை நன்கு அறிவோம். நாம் அறிவிக்கும் வார்த்தை பல வேளைகளில் நம்மையே குற்றப்படுத்துகிறது. அதற்காக அதை அறிவியாமல் இருப்பதற்கில்லை.

6. நெருக்கம்

டிஸ்ட்லரின் கல்லறை பெர்லினுக்கு அருகே ஸ்டான்ஸ்டோர்பில் உள்ளது. அங்கே பொறிக்கப்பட்டிருப்பது யோவான் 16:33. அதே வசனத்திற்கு அவர் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்க ஆராதனைக்கென இசையமைத்திருந்தார். மிகச் சிறிய பாட்டு அது. முதற்பகுதி உலகத்தில் சீடர்களுக்கு நேரிடுவதைக் கூறுகிறது. குரல்கள் தயங்கித் தயங்கி, ஓரிடத்தில் அடைபட்டவை போல் நகர்கின்றன. பின்னர் கிறிஸ்துவின் வெற்றியைக் கூறும் சொற்கள் வரும்போது இசை திறந்துகொள்கிறது. முடிவில் ஒரு ஞானப்பாட்டின் அமைதியான நடை அதனோடு சேர்கிறது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பைக் குறித்து ஒரு சொல். நமது தமிழ் வேதாகமம் 'உபத்திரவம்' என்று கூறுமிடத்தில், லுத்தரின் ஜெர்மானிய மொழிபெயர்ப்பு 'ஆங்ஸ்ட்' என்னும் சொல்லை வைத்துள்ளது. இன்றைய வழக்கில் அதற்கு அச்சம், மனக்கலக்கம் என்று பொருள். உபத்திரவம் வெளியிலிருந்து வருவது. ஆங்ஸ்ட் உள்ளிருந்து எழுவது. கிரேக்க மூலத்தில் உள்ள 'த்லிப்சிஸ்' என்னும் சொல்லோ அழுத்துதல், நெருக்குதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. ஜெர்மானியச் சொல்லின் வேரும் குறுகிய இடத்தையே சுட்டுகிறது. தமிழில் 'நெருக்கம்' என்று கூறின் இரு பொருளும் ஒருங்கே அமையும். வெளியே உலகம் நெருக்குகிறது. உள்ளே மூச்சுவிட இடமில்லை. டிஸ்ட்லர் அச்சொல்லுக்கு எழுதிய சுரங்களைக் கேட்போர், அவர் அதை விளக்கவுரையிலிருந்து கற்கவில்லை என்று உணர்வர்.

அவருடைய மோட்டெட்டுகளுள் கடைசியானது, நம் பாடுகளைச் சுமந்த ஊழியனைக் குறித்த ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் சொற்களுக்கு 1941இல் அமைத்தது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் அவர் அதிகம் வாழவில்லை. 1942இன் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய இரவில் எரிந்தவற்றுள் புனித மரியாள் ஆலயத்தின் மரண நடன ஓவியமும் ஒன்று. அவ்வாண்டு முடியுமுன், அதை இசையாக்கியவரும் இல்லாமற்போனார். அவர் பணியாற்றிய புனித யாக்கோபு ஆலயமும் அதன் சிறிய ஆர்கனும் அழிவுக்குத் தப்பி இன்றளவும் நிலைத்துள்ளன.

தன் உயிரை மாய்த்துக்கொண்டோரைப் பற்றித் திருச்சபை நெடுங்காலம் கடுஞ்சொற்களையே பேசிற்று. அடக்க ஆராதனையையும் மறுத்தது. டிஸ்ட்லரை அடக்கம் செய்தோர் அவர்மேல் தீர்ப்புக் கூறாமல், அவரே பாடிய வசனத்தை அவர் தலைமாட்டில் நாட்டினர். பாடியவரால் அவ்வசனத்தின் பிற்பகுதியைப் பற்றிக்கொள்ள இயலாமற்போன வேளையில், அதைக் கூறிய ஆண்டவர் அவரைப் பற்றிக்கொள்ள வல்லவர் என்பது அவர்கள் விசுவாசம். இந்நிலையில் ஆயர் சொல்லத்தக்கது இதனின் மிகுதியாக ஒன்றுமில்லை. இதனின் குறைவாகச் சொல்வதும் தகாது.

7. நமது சபைகளுக்கு

டிஸ்ட்லரின் இசையை நமது ஆலயங்களில் அப்படியே பாடுவது எளிதன்று. பாட வேண்டும் என்பதும் நம் நோக்கமன்று. ஆயினும் இறையியல் மாணவர் அதைக் கேட்டுப் பயன்பெறலாம். ஆகமன காலத்தில் கிறிஸ்து பிறப்பின் வரலாற்றையும், லெந்து காலத்தில் பாடுகளின் வரலாற்றையும், வேதாகமத்தைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு கேட்கும்படி பரிந்துரைக்கின்றோம். எந்தச் சொல்லில் குரல் நிற்கிறது, எந்தச் சொல் மீண்டும் கூறப்படுகிறது, எங்கே மௌனம் வருகிறது எனக் கவனிப்பவர், அப்பகுதியைப் பிரசங்கிக்கும் முறையையும் ஓரளவு கற்றுக்கொள்வர். 'மரண நடன'த்தை மரித்தோரை நினைவுகூரும் நாளுக்குக் கேட்கலாம். தமிழில் அதையொத்த ஓர் ஆராதனை, பேச்சும் பாட்டும் மாறிமாறி வருமாறு, கீர்த்தனை மரபில் வல்லோரால் எழுதப்படுமாயின் அது நமது சபைகளுக்குச் செல்வமாகும்.

இறுதியாக ஒன்று. நமது ஆலயங்களில் ஆர்கன் வாசிப்போரும் பாடற்குழுவை நடத்துவோரும் ஞாயிறுதோறும் சபையாரின் விசுவாசத்தைத் தம் தோளில் சுமக்கின்றனர். பாட்டு பிழையின்றி அமைந்ததா என்று கேட்கின்றோம். கிறிஸ்து பிறப்புக் கீதங்களுக்குப் பின் நன்றி கூறிச் சால்வை அணிவிக்கின்றோம். பாடுகிறவரின் உள்ளத்தில் இடம் இருக்கிறதா, நெருக்கம் மிகுந்துவிட்டதா என்று விசாரிக்க நேரம் ஒதுக்குவதில்லை. பெர்லின் பேராலயத்தில் 1942இல் ஆண்டவரைப் பாடிய மனிதரைச் சுற்றிலும் எத்தனையோ போதகர் இருந்திருப்பர். இவ்வாரம் பாடற்குழுப் பயிற்சி முடிந்தபின், விளக்கணைத்துக் கதவைப் பூட்டுகிறவரோடு சற்று நின்று பேசிவிட்டு வீடு திரும்புவது ஆயர்ப்பணியின் ஒரு பகுதி எனக் கருதுகின்றோம்.